ஐஸ் கம்பெனிக்கும் குடோனுக்கும் சொத்து வரி எப்படிப் போடுகிறார்கள்?

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். ராமேசுவரம், மண்டபம் பக்கம் ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர்கள் அப்போது தவறாமல் கேட்பார்கள்: "மூடித்தானே சார் கிடக்கு, சொத்து வரி மட்டும் ஏன் முழுசா?"

வருமானத்தைப் பார்த்துக் கட்டுகிற தொழில் வரி வேறு. சொத்து வரி கட்டடத்தின் மேல் விழுவது. அந்த இடத்தை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு நியாயமாக என்ன கிடைக்கும் என்பதுதான் நகராட்சிகளுக்கான 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையாக இருந்தது. கட்டடத்துக்கான வாடகையில் 10 சதவீதம் கழிவு இருந்தது. வாடகைக்கே போகாத வகைக் கட்டடமாக இருந்து வாடகையைக் கணிக்க முடியாவிட்டால், நில மதிப்போடு தேய்மானம் போகக் கட்டுமானச் செலவைக் கூட்டி, அதில் 6 சதவீதத்தை ஆண்டு மதிப்பாக, அதாவது வரி போடுவதற்கான அடிப்படைத் தொகையாக, எடுத்தார்கள். இயந்திரங்களைச் சேர்க்கக் கூடாது என்று இருந்தது. கம்ப்ரஸர் எத்தனை லட்சமானாலும் சரி.

அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2023 ஏப்ரலில் புதிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் பழைய மதிப்பீடு லேசில் விடாது. 2022 சொத்து வரிச் சீராய்வில், இருந்த வரியின் மேல்தான் சதவீதம் ஏற்றினார்கள். இங்குள்ள நகராட்சி, பேரூராட்சிகளில் வணிகக் கட்டடத்துக்கு 100, தொழிற்சாலைக்கு 75. ஐஸ் தயாரிக்கும் இடம் ஏட்டில் 'வணிகம்' என்று கிடந்தால் யாருக்கு நஷ்டம்? எப்போதோ இடித்த கொட்டகையின் பரப்பு இன்னும் கணக்கில் இருந்தாலும் இதே கதைதான். தப்பின் மேலேயே ஏற்றமும் ஏறியிருக்கும்.

ஆகவே நோட்டீஸில் தொகைக்கு முன்னால் பரப்பு, பயன்பாடு, கூரை, கட்டிய வருடம் நான்கையும் பாருங்கள். உப்புக்காற்றில் தகரக் கூரை சீக்கிரமே பொத்தலாகிவிடும் ஊர் இது. இங்கே ஷீட் போட்ட ஷெட்டைக் கான்கிரீட் கட்டடமாக எழுதி வைத்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். கருவாடு காயவைக்கும் திறந்த தளத்தைக் கட்டடப் பரப்பில் சேர்த்திருந்தால் அதையும் கேளுங்கள்.

பாம்பன், தங்கச்சிமடம் எல்லாம் ஊராட்சிகள். அங்கே 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம். மேலே சொன்ன சதவீதங்களை அங்கே கொண்டுபோய் வாதாட வேண்டாம்.

ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். வரைபடம், வாடகை ஒப்பந்தம், கூரையின் போட்டோ மூன்றையும் இணைத்து ஒப்புகை வாங்குங்கள். பில் கலெக்டரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது ஏட்டில் ஏறாது. அப்புறம், நகராட்சி, பேரூராட்சிகளில் அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். தடைக்காலத்துப் பணமுடையில் ஏப்ரல் தவணையைத் தள்ளிப்போடுபவர்கள் இதைத்தான் முதலில் இழக்கிறார்கள்.