கேஸ் ஃபேட்டாலிட்டி ரேட்: தமிழில் எப்படிச் சொல்வது?

"பக்கவாதத்தில் இறப்பு விகிதம் 25 சதவீதம்." இப்படி ஒரு வரி செய்தியில் வந்தால் எதைப் புரிந்துகொள்வது? ஊரில் சாகிறவர்களில் கால்வாசிப் பேர் பக்கவாதத்தால் சாகிறார்கள் என்றா? பக்கவாதம் வந்தவர்களில் நாலு பேருக்கு ஒருவர் என்றா? சரி, இரண்டாவது என்றே வைத்துக்கொள்வோம். எத்தனை நாளுக்குள்?

குழப்பத்துக்குக் காரணம், ஆங்கிலத்தில் இருக்கும் இரண்டு சொற்களைத் தமிழில் ஒரே சொல்லுக்குள் போட்டுவிட்டோம். ஒன்று மார்ட்டாலிட்டி ரேட். ஓர் ஊரின் மொத்த மக்களில், லட்சம் பேருக்கு இத்தனை பேர் என்று, ஒரு வருடத்தில் அந்த நோயால் இறந்தவர்களைச் சொல்வது. இதில் நோய் வராதவர்களும் கணக்கில் உண்டு. இன்னொன்று கேஸ் ஃபேட்டாலிட்டி ரேட். நோய் வந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்களில் குறிப்பிட்ட நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பது. கொரோனா காலத்தில் இரண்டுமே 'இறப்பு விகிதம்' என்று வந்ததைப் பார்த்திருப்பீர்கள்.

இரண்டையும் பிரித்தால் என்ன தெரியும் என்பதற்கு நல்ல உதாரணம் திருவனந்தபுரம். 2005-ல் அங்கே ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடையே புதிதாகப் பக்கவாதம் வந்தவர்களைப் பதிவு செய்தார்கள். வயது வித்தியாசத்தைச் சரிசெய்து பார்த்தபோது, நகரத்தில் லட்சத்துக்குச் சுமார் 135 பேர், கிராமத்தில் சுமார் 138 பேர். அதாவது நோய் வருவதில் வேறுபாடே இல்லை. ஆனால் வந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் நகரத்தில் நூற்றுக்கு 24, 25 பேர். கிராமத்தில் 37 பேர். மொத்த மக்களில் இத்தனை சாவு என்ற முதல் எண்ணை மட்டும் பார்த்திருந்தால், கிராமத்தில் நோய் அதிகமோ என்றுகூடத் தோன்றியிருக்கும். நோய் அதிகமில்லை, வந்தபின் பிழைப்பதுதான் குறைவு என்று காட்டியது இந்த இரண்டாவது எண். கொல்கத்தாவில் நடந்த இதுபோன்ற ஆய்வில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 41 பேர்.

சொல்லின் வேரைப் பார்ப்போம். மார்ட்டாலிட்டியில் மர்மம் ஒன்றுமில்லை. லத்தீனில் 'மோர்ஸ்' என்றால் சாவு. ஃபேட்டாலிட்டிதான் சுவாரசியமானது. அது 'ஃபாட்டும்' என்ற சொல்லிலிருந்து வருகிறது. நேர்ப்பொருள் 'சொல்லப்பட்டது'. தெய்வம் சொல்லிவிட்டது, ஆகவே விதி. அவர்களுக்கு விதி வாயால் சொன்னது, நமக்குத் தலையில் எழுதியது, அவ்வளவுதான். 'கேஸ்' என்பதன் மூலமான 'காசுஸ்' விழுதல், நேர்தல் என்ற பொருள் கொண்டது.

பக்கவாதத்துக்கு ஆங்கிலத்தில் ஸ்ட்ரோக். ஸ்ட்ரோக் என்பது அடி. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் 'கடவுள் கையால் விழுந்த அடி' என்ற பொருளில் ஆங்கிலத்தில் இந்த நோய்க்குப் பெயரானது. அதற்கு முன்பே கிரேக்கர்கள் வைத்த அப்போப்ளெக்ஸி என்ற பெயரும் 'அடித்து வீழ்த்துவது' என்றுதான் பொருள்படும். ஹிப்போகிரட்டஸ் பெயரில் வழங்கும் மருத்துவ வாசகம் ஒன்று, கடுமையான அப்போப்ளெக்ஸியைக் குணப்படுத்தவே முடியாது, லேசானதைக் குணப்படுத்துவதும் எளிதல்ல என்கிறது. சதவீதம் கண்டுபிடிக்காத காலத்து கேஸ் ஃபேட்டாலிட்டி என்று இதைச் சொல்லலாம். இது மூளையின் ரத்தக்குழாய் சங்கதி என்று இறந்தவர்களின் மூளையை அறுத்துப் பார்த்து எழுதியவர் சுவிட்சர்லாந்தின் யோஹான் யாகோப் வெப்ஃபர், 1658-ல்.

நம் 'பக்கவாதம்' வேறு இடத்திலிருந்து வருகிறது. பக்கம் என்றால் உடலின் ஒரு பாதி; வாதம் என்பது வாத, பித்த, கபத்தில் வரும் வாதம். இலங்கையில் 'பாரிசவாதம்' என்பார்கள். பாரிசம் என்றாலும் பக்கம்தான். இரண்டுமே கண்ணுக்குத் தெரிகிற விளைவின் பெயர்கள். மூளையில் நடந்தது பெயரில் இல்லை. அதனால்தான் "கை கால் விழுந்துடுச்சு" என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற வீட்டில், பேச்சு மட்டும் குழறினால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கப் போகிறார்கள். இன்னொன்றும் உண்டு. பக்கவாதம் என்றதும் நம் மனதில் வருவது திண்ணையில் கம்பூன்றி உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர், அதாவது பிழைத்தவர். முதல் மாதத்திலேயே போனவர்கள் அந்தச் சொல்லில் தெரிவதில்லை.

எத்தனை பேர் போகிறார்கள் என்பது எந்த வகைப் பக்கவாதம் என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் 1980-களில் முதல்முறை பக்கவாதம் வந்த 675 பேரைப் பின்தொடர்ந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டுமல்ல, வீட்டிலேயே கிடந்தவர்களையும் சேர்த்து. முப்பது நாளில் இறந்தவர்கள் நூற்றுக்கு 19 பேர். ஆனால் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டவர்களில் அது 10; மூளைக்குள் ரத்தம் கசிந்தவர்களில் 50. அடைப்பிலும் சிறுகுழாய் ஒன்று மட்டும் அடைத்தவர்களில் 2 பேர், மூளையின் ஒரு பக்கத்து முன்புற ரத்த ஓட்டப் பகுதி முழுக்க பாதித்தவர்களில் 39 பேர். இப்படி இருக்க, "பக்கவாத இறப்பு விகிதம்" என்று பொத்தாம்பொதுவாக ஒரே எண்ணைச் சொல்வதில் என்ன பயன்? முப்பது நாளைத் தாண்டியவர்களுக்கும் ஆபத்து முடியவில்லை. அதே வயதுப் பொதுமக்களைவிட அவர்கள் இறக்கும் அபாயம் ஆண்டுதோறும் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

'எத்தனை நாளுக்குள் என்று சொல்' என்று வற்புறுத்துவது இதனால்தான். பல நாடுகளில் இதய நோயையும் பக்கவாதத்தையும் கண்காணித்த, உலக சுகாதார நிறுவனத்தின் மோனிக்கா ஆய்வு 28 நாளை எல்லையாக வைத்தது. பலர் 30 நாள் வைப்பார்கள். சில ஆஸ்பத்திரிகள் 'இங்கே இருக்கும்போது இறந்தவர்கள்' என்று மட்டும் கணக்கெடுக்கும். நம் ஊரில் இந்தக் கணக்கை அப்படியே நம்ப முடியாது. "இனிமே ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று சொல்லி அனுப்பப்பட்டவர் மறுநாள் வீட்டில் இறந்தால், ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் அவர் உயிரோடு டிஸ்சார்ஜ் ஆனவர்.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். இறப்பா, சாவா, மரணமா? 'இற' என்பதன் பழைய பொருள் கடந்துபோதல். 'இறந்தார் இறந்தார் அனையர்' என்ற குறளில் (310) முதல் இறந்தார், கோபத்தில் எல்லை கடந்தவர், இரண்டாவதுதான் செத்தவர். இறந்தகாலம் என்பதும் கடந்துபோன காலமே. மரியாதையும் சுருக்கமும் உள்ள சொல், இறப்பே இருக்கட்டும்.

சிக்கல் அடுத்த பாதியில். பள்ளிக் கணக்கில் விகிதம் என்றால் 3:2 மாதிரி இரண்டு அளவுகளின் ஒப்பீடு. வீதம் என்பது "தலைக்கு ஒரு படி வீதம்" என்கிறோமே, அது. ஓர் அலகுக்கு இவ்வளவு. லட்சம் பேருக்கு, வருடத்துக்கு இத்தனை சாவு என்பதற்கு அதுவே பொருத்தம். ஆகவே மார்ட்டாலிட்டி ரேட் என்பது 'இறப்பு வீதம்'. கேஸ் ஃபேட்டாலிட்டி ரேட் பெயரில்தான் ரேட். உண்மையில் அது முழுதில் ஒரு பங்கு, அதாவது சதவீதம். அதை 'நோயுற்றோர் இறப்பு விழுக்காடு' என்பேன். இலங்கை வாசகர்களுக்கு எழுதும்போது ஒரு எச்சரிக்கை: அங்கே பேச்சிலும் செய்தியிலும் வீதம் என்றாலே சதவீதம்தான், எனவே 'லட்சம் பேருக்கு' என்று கூடவே எழுதிவிடுவது நல்லது.

சர்வைவல் ரேட்? 'பிழைப்பு' என்றால் வயிற்றுப்பாடு என்று ஆகிவிட்டது. அதனால் 'உயிர்பிழைத்தோர் விழுக்காடு'. பிழைத்தலுக்குத் தவறுதல் என்பது பழைய பொருள். 'யானை பிழைத்த வேல்' என்று குறளில் (772) வருவது, யானைமேல் படாமல் தப்பிய வேல். குறி தவறி உயிர் தப்பியவரைப் பிழைத்தார் என்பது எவ்வளவு சரி! ஆனால் பிழைத்தவர் எல்லாம் தேறியவர் இல்லை. ஐ.சி.யூ. வாசலில் "பொழைச்சுக்குவாரா டாக்டர்?" என்று கேட்கிறவர் மனதில் இருப்பது "எழுந்து நடப்பாரா?" என்பதுதான். மூளை வீக்கம் முதல் சில நாளில் ஏறும் என்பதால் "மூணு நாள் போகட்டும்" என்ற பதில் வரும். அது உயிரைப் பற்றிய பதில், நடையைப் பற்றியது அல்ல.

2007-ல் மூன்று ஐரோப்பிய ஆய்வுகளைச் சேர்த்து வந்த முடிவில் இது அப்பட்டமாகத் தெரியும். பெரிய அடைப்பால் மூளை வீங்கிய, அறுபது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்து வீக்கத்துக்கு இடம் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், இந்த அறுவை செய்யாதவர்களில் நூற்றுக்கு 29 பேர், செய்தவர்களில் 78 பேர். பிறர் துணையின்றி நடக்கும் அளவுக்குத் தேறியவர்கள், செய்யாதவர்களில் 21 பேர், செய்தவர்களில் 43 பேர். அறுவை செய்து பிழைத்தவர்களில் மிச்சமுள்ளோர் நடக்கவும் அன்றாட வேலைக்கும் ஆள் துணை வேண்டியவர்கள். இதை அளக்கும் ரான்கின் அளவுகோலில் 0 என்றால் எந்தக் குறையும் இல்லை, 6 என்றால் இறப்பு. இரண்டும் ஒரே கோட்டின் இரு முனைகள்.

அப்புறம், மொழிபெயர்க்கிறவர்களுக்கு: கலைச்சொல் வாயில் நுழையவில்லை என்றால் வாக்கியமாகவே எழுதிவிடலாம். "பக்கவாதம் வந்த நூறு பேரில் 25 பேர் 28 நாளுக்குள் இறந்தார்கள்." யாரில், எத்தனை பேர், எத்தனை நாளில் என்ற மூன்றும் இதில் வந்துவிடுகின்றன. தலைப்பில் இடம் போதாது என்று உதவி ஆசிரியர் வெட்டினால் 'நூறு பேரில்' என்பதை மட்டுமாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள்.