வலிப்பு: சொல்லும் பொருளும்

‘வலிப்பு’ என்னும் சொல் ‘வலி’ என்ற வினையடியிலிருந்து பிறந்தது. நோவைக் குறிக்கும் வலி இங்கே பொருளன்று. துடுப்பு வலித்தல் என்பதிலுள்ள இழுத்தல் என்ற பொருளே இதற்கு அடிப்படை. கைகால்கள் தம் வசமின்றி இழுத்துக்கொள்வதைக் கண்டு வைத்த பெயர் இது. பேச்சுவழக்கின் ‘இழுப்பு’ம் அவ்வாறு வந்ததே, ஆனால் மூச்சிரைப்பையும் இழுப்பு என்கிறோமாதலால், எழுத்தில் அதைத் தவிர்ப்பது நலம். காக்காய் வலிப்பு என்பதைக் ‘கால் கை வலிப்பு’ என்பதன் திரிபாகக் கொள்வோர் உண்டு. எப்படியாயினும் காக்கைக்கும் நோய்க்கும் தொடர்பில்லை. ‘முயலகன்’ என்றொரு பழம்பெயரும் இந்நோய்க்கு உண்டு. கொல்லி மழவன் என்ற சிற்றரசனின் மகளைப் பற்றியிருந்த முயலகன் நோய் சம்பந்தர் பாட நீங்கியது என்கிறது பெரியபுராணம்.

‘ஜன்னி’யை இதற்கு ஈடாக வழங்குவது பிழை. சந்நிபாதம் என்ற வடசொல்லின் திரிபான அது, வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒருசேரக் கெட்ட நிலையைச் சுட்டி, பின்னர்க் கடுங்காய்ச்சலில் வரும் பிதற்றலுக்கும் பெயராயிற்று.

‘எபிலெப்சி’ என்பதற்குக் கிரேக்கத்தில் பற்றிக்கொள்ளுதல் என்பது பொருள். அதை ‘வலிப்பு நோய்’ என்றும், ‘சீஷர்’, ‘பிட்ஸ்’ என்பவற்றை ‘வலிப்பு’ என்றும் பிரித்து எழுதுவதே சரி. வலிப்பு என்பது மூளை நரம்பணுக்களின் மின்செயல்பாடு திடீரென மிகுந்து ஒழுங்கு குலைவதால் நேரும் நிகழ்வு. உடனடிக் காரணம் ஏதுமின்றி அது மீண்டும் மீண்டும் வரும் தன்மையே வலிப்பு நோய். இந்த வேறுபாடு தெரியாமல், ஒரே ஒரு முறை வலிப்பு வந்த குழந்தைக்குக்கூட வாழ்நாள் நோயாளி என்ற பெயரைச் சூட்டிவிடுகிறோம். மாறாக, சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு விளையாட்டைத் தொடரும் குழந்தைக்கு வந்ததும் வலிப்பாக இருக்கலாம். அங்கே இழுப்பே இராது என்பதால் இச்சொல்லே நம்மை ஏமாற்றிவிடுகிறது.

குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படுவது காய்ச்சல் வலிப்பு. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு இது வருகிறது. பெரும்பாலும் 15 நிமிடத்துக்குள் தானே அடங்கி, தீங்கின்றி நீங்கும். மூளைக்காய்ச்சல், இரத்தத்தில் சர்க்கரை அல்லது கால்சியம் குறைதல், தலைக்காயம், பிறப்பின்போது மூளைக்கு உயிர்வளி குறைதல், மூளையில் நாடாப்புழுக் கட்டிகள், மரபணுக் கோளாறு ஆகியவை பிற காரணங்கள்.

வலிப்பு வந்த குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கையில் இரும்பைத் திணிப்பதும் வாயில் எதையேனும் வைப்பதும் பயனற்றவை, பின்னது ஆபத்தும்கூட. 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் அவசர மருத்துவ உதவி வேண்டும். அப்போது மூக்கில் தெளிக்கும் மிடசோலம், ஆசனவாய் வழியாகச் செலுத்தும் டயசிபம் போன்றவை வலிப்பை நிறுத்தப் பயன்படுகின்றன. சாதாரணக் காய்ச்சல் வலிப்புக்குப் பெரும்பாலும் தொடர்மருந்து தேவைப்படாது. வலிப்பு நோய்க்கு அதன் வகையறிந்து லெவெடிராசெட்டம், வால்ப்ரோயேட் போன்றவற்றைத் தருவர். மருந்துக்குக் கட்டுப்படாத சிலருக்குக் கொழுப்பு மிகுந்த கீட்டோஜெனிக் உணவுமுறையோ அறுவைச் சிகிச்சையோ உதவும். அவ்வுணவுமுறையும் மருந்தைப்போலவே அளந்து தரவேண்டியது என்பதால், மருத்துவர் மேற்பார்வையின்றி வீட்டில் தொடங்கக் கூடாது.