ரெக்சிஸ்: கிழிப்பும் கிழிசலும்

கண்புரை அறுவையைக் கற்றுக்கொள்ளும் மருத்துவர் அடிக்கடி கேட்கும் சொல் ‘ரெக்சிஸ்’. ‘கேப்சுலோரெக்சிஸ்’ என்பது அதன் முழு வடிவம். லத்தீனில் ‘கேப்சுலா’ சிறு பெட்டியைக் குறிக்கும். கிரேக்கத்தில் ‘ரெக்சிஸ்’ உடைதலையும் கிழிதலையும் குறிக்கும். விழிவில்லையை மூடியிருக்கும் மெல்லிய உறையின் முன்பக்கத்தில் ஏறத்தாழ 5 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தைக் கிழித்தெடுத்து, புரை படிந்த உட்பகுதியை வெளியேற்ற வழி செய்வதே இச்செயல்.

முன்பு உறையைப் பல் பல்லாகக் குத்தித் திறந்தார்கள். அந்தப் பற்களில் எதிலிருந்தும் கிழிசல் ஓடக்கூடும். 1980களில் ஹோவர்ட் கிம்பல், தாமஸ் நியூஹான் ஆகியோர் விளிம்பு அறுபடாத வட்டமாகக் கிழிக்கும் முறையைக் கொண்டுவந்தனர். இது வெட்டு அல்ல, கிழிப்பு; எனவே ‘கேப்சுலாட்டமி’ என்ற சொல்லில் வெட்டைக் குறிக்கும் ‘டமி’ என்ற ஈறு இதற்குப் பொருந்தாது.

தமிழில் ‘வட்ட உறைக்கிழிப்பு’ என்பதே தகுந்த சொல் என்று கருதுகிறேன். ‘உறைநீக்கம்’ என்று எழுதுவது பிழை. உறையின் பெரும்பகுதி கண்ணிலேயே தங்குகிறது, செயற்கை வில்லையும் அதனுள்தான் அமர்கிறது. மருத்துவர் கருதிச் செய்வது கிழிப்பு, கருதாமல் நேர்வது கிழிசல்; கிரேக்கச் சொல் ஒன்றாக்கிவிடும் இவ்விரண்டையும் தமிழ் தன்வினை, பிறவினையால் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது.

பயிற்சியில் இவ்வேறுபாடு மிக முக்கியமானது. முன்னுறையின் தடிமன் ஏறத்தாழ 14 மைக்ரான். பின்னுறையின் நடுப்பகுதியோ 4 மைக்ரான் அளவே. வட்டம் வில்லையின் விளிம்பை நோக்கி ஓடத் தொடங்கும்போது பயில்பவர் பதற்றத்தில் இன்னும் இழுத்தால், கிழிசல் உறையைச் சுற்றிப் பின்பக்கம் வரை செல்லலாம். அவ்வாறு சென்றால் விழிப்பின்னறைக் கூழ் முன்னே வரும், வில்லைத் துண்டுகள் பின்னே விழும். எனவே இழுப்பதை உடனே நிறுத்தி, வில்லைக்கு முன்னுள்ள வெளியான முன்னறையை ‘விஸ்கோஎலாஸ்டிக்’ எனும் பிசுபிசுப்பான கூழால் நிரப்பி உறையைத் தட்டையாக்கி, கிழியும் முனைக்கு மிக அருகில் மீண்டும் பற்றி, மையத்தை நோக்கித் திருப்ப வேண்டும். அப்படியும் திரும்பாவிட்டால், மூத்தவரிடம் கருவியைக் கொடுப்பதே நோயாளிக்குச் செய்யும் நியாயம். முற்றி வெளுத்த புரையில் உறை கண்ணுக்குப் புலப்படாது. டிரிபான் நீலச் சாயமிட்ட பின்பே தொடங்க வேண்டும்.

அறுவைக் குறிப்பிலும் இவ்விரண்டையும் கலக்காமல், கருதிச் செய்ததை ‘முன்னுறைக் கிழிப்பு’ என்றும் நேர்ந்துவிட்டதைப் ‘பின்னுறைக் கிழிசல்’ என்றும் எழுதலாம்.