மயஸ்தீனியா கிராவிஸ்: தசை நலிவா, தசைச்சோர்வா?

நரம்பியல் மருத்துவரின் சீட்டில் 'மயஸ்தீனியா கிராவிஸ்' என்ற இந்த நோயின் பெயரை முதல்முறை பார்ப்பவருக்கு நாக்கு புரளாது. உடைத்துப் பார்த்தால் எளிதுதான். கிரேக்கத்தில் 'மிஸ்' என்றால் தசை. எலிக்கும் அதே சொல்தான்; பிள்ளையாரின் மூஷிகம் அதற்குத் தூரத்து உறவு. 'ஸ்தெனோஸ்' என்றால் வலிமை. நீதி அநீதி ஆவதுபோல, முன்னால் 'அ' சேர்ந்தால் வலிமையின்மை. 'கிராவிஸ்' லத்தீன், கனமான, கடுமையான என்று பொருள். தாளத்தில் லகு, குரு என்கிறோமே, அந்தக் குருவும் இதுவும் ஒரே வேரில் கிளைத்தவை.

1895இல் பெர்லினில் மருத்துவர் பிரீட்ரிக் ஜாலி இந்தப் பெயரை வைத்தபோது 'சூடோபாராலிட்டிகா' என்றொரு வாலும் இருந்தது. தசை செயலிழக்கும் வாதம் போலத் தெரியும், ஆனால் வாதம் அல்ல என்பது அதன் பொருள். பின்னாளில் அந்த வால் உதிர்ந்துவிட்டது.

எஞ்சிய பெயரில் முக்கியமான ஒன்று விட்டுப்போகிறது. தசை வலுவிழப்பது எத்தனையோ நோய்களில் உண்டு. இந்த நோயில் தசை வேலை செய்யச் செய்ய வலு வடிந்து, ஓய்வெடுத்தால் திரும்பி வருகிறது. நெடுநேரம் பேசினால் குரல் போய், ஓரிரு மணி நேரம் கழித்தே மீண்ட ஒரு பெண்ணைப் பற்றி ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672இலேயே எழுதியிருக்கிறார். காலையில் இட்லியைச் சிரமமில்லாமல் சாப்பிட்டவர், இரவு சப்பாத்தியைப் பாதி மென்றதும் தாடையைக் கையால் தாங்கிக்கொள்வார். சாயங்காலம் செய்தித்தாள் படிக்க, சரிந்த இமைக்குக் கீழே பார்வை எட்டும்படி முகவாயைத் தூக்கிக்கொள்வார்.

நரம்பு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை அனுப்பித்தான் தசையை அசைக்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் சொந்த எதிரணுக்களே (ஆன்டிபாடிகள்) தாக்கிக் குறைத்துவிடுகின்றன. அடுத்தடுத்த ஆணைகளில் நரம்பு அனுப்பும் அளவு இயல்பாகவே குறையும். ஏற்பிகளும் குறைந்திருப்பதால், முதல் சில ஆணைகளுக்குப் பணியும் தசை பிறகு பணியாது.

தமிழில் என்ன சொல்வது? 'தசை நலிவு' என்றால் தசையே மெலிந்து அழிவதாகத் தோன்றுகிறது. அது வேறு நோய்களுக்குப் பொருந்தும். 'நரம்புத் தளர்ச்சி' என்ற சொல்லையோ சுவரொட்டி வைத்தியர்கள் கெடுத்தே விட்டார்கள். அந்தப் பெயர் விழுந்ததும் ஆண்கள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள், பெண்களுக்குச் சத்து ஊசி போடுகிறார்கள், மாதங்கள் ஓடுகின்றன. எனக்குத் 'தசைச்சோர்வு நோய்' என்பதுதான் சரியாகப் படுகிறது. சோர்தல் என்றால் களைப்பது மட்டுமல்ல, நழுவிக் கீழே சரிவதும்கூட. குழல் சோர்ந்தது, கண்ணீர் சோர்ந்தது என்பார்கள். இமை சரியும் நோய்க்கு இதைவிடப் பொருத்தமான வேர்ச்சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் மருத்துவரிடம் 'சோர்வா இருக்கு' என்று மட்டும் சொன்னால் போதாது. ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு என்று அது எங்கெங்கோ போகும். எந்த வேலை, எத்தனை நிமிடத்தில் நின்றுபோகிறது, எவ்வளவு ஓய்வுக்குப் பிறகு திரும்புகிறது என்று சொல்லுங்கள். பொருள்கள் இரண்டாகத் தெரிகின்றனவா, தண்ணீர் மூக்கில் ஏறுகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காலையிலும் மாலையிலும் முகத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதிக்கும் நேரத்தில் இமை நன்றாகத் திறந்திருக்கலாம்.

மூடிய இமைமேல் இரண்டு நிமிடம் ஐஸ் வைத்தால் சரிந்த இமை சற்று உயர்வது ஓர் எளிய தடயம். நரம்பை நொடிக்கு மூன்று முறை போலத் தூண்டி, தசையின் பதில் 10 சதவீதத்துக்கு மேல் தேய்கிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு; ஜாலி தொடங்கிய வழி அது. எதிரணு ரத்தச் சோதனை, உடல் முழுக்கப் பரவியவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேரிடம் நோயைக் காட்டிக்கொடுக்கும். கண்ணோடு நிற்பவர்களில் பாதிப் பேரிடம்தான். ஆகவே 'நெகட்டிவ்' என்று வந்தால் நோய் இல்லை என்று முடிவாகிவிடாது. அடுத்த சோதனை என்ன என்று கேளுங்கள். நோய் உறுதியானால் நெஞ்சுக்கூட்டில் தைமஸ் சுரப்பியை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள், 10 முதல் 15 சதவீதம் பேருக்கு அங்கே கட்டி இருக்கும்.

விழுங்க முடியாமலோ, படுத்தால் மூச்சு முட்டியோ போனால் மட்டும் எந்தச் சோதனை முடிவுக்கும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.