ஜம்போ: யானையின் பெயரும் மாடி விமானமும்

இரண்டு தளங்கள் கொண்ட ஏர்பஸ் ஏ380 பயணிகள் விமானத்தைச் செய்தித்தாள்கள் 'சூப்பர் ஜம்போ' என்று எழுதுகின்றன. ஜம்போ என்றால் பெரியது என்று நமக்கெல்லாம் தெரியும். ஆனால் அந்தப் பொருளை உலகமெங்கும் பரப்பியது ஒரு யானை.

1865இல் பாரிசிலிருந்து லண்டன் விலங்குக்காட்சிச் சாலைக்கு வந்த ஆப்பிரிக்கக் களிறு அது. பெயர் ஜம்போ. குழந்தைகளை முதுகில் ஏற்றிச் சுற்றிவரும். 1882இல் அமெரிக்க சர்க்கஸ் முதலாளி பார்னம் அதை விலைக்கு வாங்கியபோது, பள்ளிப் பிள்ளைகள் விக்டோரியா அரசிக்கே கடிதம் எழுதி மன்றாடினார்கள். பலனில்லை. மூன்றே ஆண்டில், கனடாவில் ரயில் மோதி அது செத்துப்போனது. பாவம், பெயர் மட்டும் பிழைத்தது. ஆங்கிலத்தில் அளவில் மிஞ்சியதெல்லாம் ஜம்போ ஆனது. 1970இல் பான் ஆம் என்ற அமெரிக்க விமான நிறுவனம் பயணிகளை ஏற்றிப் பறக்கவிட்ட போயிங் 747, ஜம்போ ஜெட். அதைவிடப் பெரிதாக ஏ380 வந்ததும், முன்னால் ஒரு சூப்பரை ஒட்டிவிட்டார்கள்.

ஆக, ஜம்போ அளவைச் சொல்லுமே தவிர அடுக்கைச் சொல்லாது. 747க்கு முன்பக்கம் மட்டும் திமில்போல ஒரு சின்ன மாடி. ஏ380இலோ உடல் நெடுகிலும் இரண்டு தளங்கள், முன்னும் பின்னும் படிக்கட்டுகள். 2007 அக்டோபர் 25 அன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதை முதன்முதலாகப் பயணிகளுடன் சிட்னிக்கு ஓட்டியது. அப்புறம் குவான்டாஸ், லுஃப்தான்சா, பிரிட்டிஷ் ஏர்வேஸ் என்று பலர் வாங்கினார்கள். 2021 வரை நிறுவனங்களுக்குப் போன 251இல் 123 எமிரேட்ஸுக்குத்தான்.

சரி, இந்த விமானத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'ராட்சத விமானம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கேட்டாலே பயமாக இருக்கிறது. இரண்டு தளம் என்பதும் அதில் தெரியவில்லை. விமானம் வடமொழிச் சொல். கோயில் கருவறைக்கு மேலே உள்ளதையும் அப்படித்தான் சொல்கிறோம். தமிழிலேயே பழைய சொல் உண்டு: புறநானூற்றின் 27ஆம் பாட்டில், ஓட்டுபவன் இல்லாமலே செல்லும் 'வான ஊர்தி' வருகிறது. ஆகவே எழுத்தில் 'ஈரடுக்கு வானூர்தி' என்பதே பொருத்தம். அதன் 'டெக்' தளம். 'அப்பர் டெக்' மேல்தளம்.

பேச்சுக்கு வேறெங்கும் தேட வேண்டாம். டபுள் டெக்கர் பேருந்தை 'மாடி பஸ்' என்று சென்னைக்காரர்கள் எப்போதோ அழைத்துவிட்டார்கள். அதே வழியில் இது மாடி விமானம். "துபாயிலிருந்து லண்டனுக்கு மாடி விமானத்துல போனேன், மேல்மாடியில ஜன்னலோரம்" என்றால் வீட்டில் இருக்கும் பாட்டிக்கும் உடனே புரியும்.