கிராம் கணக்கு பார்க்கும் முன் பாதத்தைப் பாருங்கள்

மண்டபம், ராமேசுவரம் பக்கம் நெடுந்தூர டிரையத்லானுக்கு (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் போட்டி) பயிற்சி எடுக்கும் இளைஞர்கள் இயன்முறை மருத்துவரான என்னிடம் கால்வலிக்காக வருகிறார்கள். வலியைச் சொல்லி முடிப்பதற்குள் பேச்சு ஷூவின் எடைக்குத் தாவிவிடும். 250 கிராமை விட்டு 190 கிராமுக்கு மாறலாமா என்பார்கள். தாராளமாக மாறலாம். ஆனால் அதில் கிடைக்கும் லாபம் எவ்வளவு என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் ஓடுவதற்குச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ 1 சதவீதம் கூடும் என்பது ஆய்வகங்களில் அளந்து கண்டது. அந்தக் கணக்கில் 60 கிராம் குறைத்தால் மிச்சமாவது அரை சதவீதத்துக்குச் சற்று மேல். முழுநீளப் போட்டியின் கடைசிக் கட்டமான மாரத்தான் தூரத்தை (42.2 கிலோமீட்டர்) நாலரை மணி நேரத்தில் ஓடுபவருக்கு அந்த மிச்சம் முழுவதும் வேகமாக மாறினால்கூட ஒன்றரை நிமிடம்தான். அவரே கொப்புளம் வந்து ஒரு கிலோமீட்டர் நடந்தால் நான்கு நிமிடம் கையைவிட்டுப் போகும்.

முழுநீளப் போட்டியில் 3.8 கிலோமீட்டர் நீச்சலும் 180 கிலோமீட்டர் சைக்கிளும் முடிந்த பிறகுதான் ஷூவுக்கே வேலை. கடையில் நாம் நுழைத்துப் பார்ப்பது ஓய்ந்திருந்த கால். போட்டியில் நுழைவதோ வீங்கிய கால். அதனால் மாலையில் போய் வாங்குங்கள். நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இழுபடும் லேஸ் போடுகிறவர்கள் வீட்டிலேயே இறுக்கி வைத்துவிடுகிறார்கள். வீக்கத்துக்கும் இடம் விட்டு முடிச்சுப் போட வேண்டும்.

அகலத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. கடற்கரை ஊர் இளைஞர் ஒருவர் இரண்டாம் விரல் நகம் கறுத்து வந்தார். ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையான இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நிற்கச் சொன்னேன். சுண்டுவிரல் பாதிக்குமேல் வெளியே தொங்கியது; அந்த ஓரத்தில் துணியும் நைந்திருந்தது. சிறு வயதிலிருந்து வெறுங்காலோடு மணலில் நடந்து வளர்ந்தவர்களுக்கு முன்பாதம் விரிந்தே இருக்கும். எடை குறைந்த பந்தய ஷூக்களில் பெரும்பாலானவை ஒடுக்கமானவை. அவரை அகலமான, அரை அளவு பெரிய ஜோடிக்கு மாறச் சொன்னேன். மாறினார், "எடை கூடிவிட்டதே சார்" என்ற புலம்பலோடு. நகம் இப்போது வளர்ந்துவிட்டது.

அடுத்தது மணல். 2017இல் திறந்த தனுஷ்கோடிச் சாலையில், அரிச்சல்முனை வரை, நீண்ட ஓட்டம் ஓடுவது பலருக்குப் பிடிக்கும். இருபுறமும் கடல், நிழல் கிடையாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் சாலைக்கே வந்துவிடுகிறது. மேல்துணியை மெலிதாக்கியும் அடிரப்பரைக் குறைத்தும்தான் ஷூவின் எடையைக் குறைக்கிறார்கள். கண்ணறை பெரிதான துணியில் நுண்மணல் எளிதாக நுழையும். வெக்கை தாங்காமல் தலையில் ஊற்றிய தண்ணீரும் வழிந்து ஷூவுக்குள்தான் வரும். ஈரத்தோலில் மணல் உரசினால் சில கிலோமீட்டரிலேயே தோல் வழண்டுவிடும். சாக்ஸ் போடாமல் ஓடி மிச்சம் பிடிக்கும் சில நொடிகளுக்காக இந்தத் தொல்லையை வாங்குவது வீண் என்பது என் கருத்து. மெல்லிய சாக்ஸ் போடுங்கள். வாங்கும்போது ஷூவுக்குள் கைவிட்டுத் தையலைத் தடவிப் பாருங்கள். விரலுக்குத் தட்டுப்படும் தையல் பாதத்தையும் அறுக்கும்.

குதிகால் உயரத்துக்கும் முன்பாத உயரத்துக்கும் உள்ள வேறுபாடும் முக்கியம். 10 மில்லிமீட்டருக்குப் பழகியவர் திடீரென 4 மில்லிமீட்டருக்கு இறங்கினால் பாரம் கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் போகும். சைக்கிள் மிதித்து ஏற்கெனவே களைத்த தசைகள் அவை. வாரத்தில் ஒரு குறுகிய ஓட்டம் என்று தொடங்கி மெல்ல மாறுங்கள்.

அடிப்பாகத்துக்குள் விறைப்பான கார்பன் தகடு வைத்த ஷூவுக்கும் இதே எச்சரிக்கைதான். சாலை ஓட்டத்துக்கு அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, தகடு ஒன்றுதான் இருக்கலாம் என்பது உலகத் தடகள அமைப்பின் விதி. இத்தகைய ஷூ அணிந்து ஓடியவர்களுக்கு நடுப்பாதத்துப் படகெலும்பில் அழுத்த முறிவு (திரும்பத் திரும்ப விழும் பாரத்தால் எலும்பில் வரும் மெல்லிய விரிசல்) ஏற்பட்டதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. கணுக்காலுக்கு முன்னால், பாதத்தின் மேற்பக்கம் விரலால் அழுத்தும்போது ஓரிடத்தில் மட்டும் வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் இந்த முறிவு பெரும்பாலும் தெரியாது. அதனால் எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று மறுநாளே ஓடக் கிளம்ப வேண்டாம்.

தேர்ந்தெடுத்த ஜோடியை, நீண்ட சைக்கிள் பயிற்சி முடிந்த கையோடு, வேண்டுமென்றே நனைத்து, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிப் பாருங்கள். எங்கே சிவக்கிறதோ அங்கேதான் போட்டியில் கொப்புளம் வரும். பிறகு உப்பும் மணலும் போக நல்ல தண்ணீரில் அலசி, இன்சோலை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டு வைத்தால் அடிநுரை சுருங்கி, அளவே மாறிவிடலாம்.