எம்ப்ளாய்மென்ட் டிரிபியூனல்: தமிழில் எப்படிச் சொல்வது?

பிரிட்டனில் நியாயமான காரணமில்லாமல் வேலையை விட்டு நீக்கப்பட்டவர், சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்டவர், இனம், பால் பார்த்து ஒதுக்கப்பட்டவர் முறையிடும் இடம் எம்ப்ளாய்மென்ட் டிரிபியூனல். இதைச் சிலர் 'வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம்' என்று எழுதுகிறார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்த நமக்கு, இது ஏதோ வேலை வாங்கித் தருகிற இடம் போலத்தான் கேட்கும். இங்கே வழக்கே இருந்த வேலையைப் பற்றியது. பணித் தீர்ப்பாயம் என்பதே சரி.

டிரிபியூனல் லத்தீன் சொல். ரோமானிய அதிகாரிகள் அமர்ந்து வழக்குக் கேட்ட உயர்ந்த மேடைக்கு அந்தப் பெயர். தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் ஓடுகின்றன. காவிரிக்கு நடுவர் மன்றம், பசுமைக்குத் தீர்ப்பாயம். இலங்கையில் நியாய சபை என்ற வழக்கும் உண்டு. பிரிட்டன் அமைப்புக்கு நடுவர் மன்றம் ஒத்துவராது. அங்கே சமரசம் பேசுவது ஏகாஸ் என்ற தனி அமைப்பின் வேலை. பெரும்பாலான வழக்குகளில் முதலில் அதற்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். அங்கே படியாவிட்டால்தான் தீர்ப்பாயம்.

ஆயம் என்றால் கூட்டம். சங்க அகப்பாடல்களில் தலைவியின் தோழியர் கூட்டம். சிலப்பதிகாரத்தில் அரசனைச் சூழ்ந்த எண்பேராயம். முதலாளிகளிடம் வாங்கிய தொழிற்பயிற்சி வரி தொடர்பான மேல்முறையீடுகளைக் கேட்க 1964இல் 'இண்டஸ்ட்ரியல் டிரிபியூனல்' என்ற பெயரில் தொடங்கிய இந்த அமைப்புக்கு (இன்றைய பெயர் 1998இல் வந்தது) அந்தச் சொல் நன்றாகவே பொருந்தியது. நடுவில் சட்டம் படித்தவர். இருபுறமும் முதலாளிகள் தரப்பு அனுபவமுள்ள ஒருவர், தொழிலாளர் தரப்பு அனுபவமுள்ள ஒருவர். வேலைத்தளத்தில் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்கள் கூட இருப்பதுதான் இதன் பெரிய பலம் என்பேன். 2012க்குப் பிறகு பணிநீக்க வழக்குகளைப் பெரும்பாலும் நீதிபதி தனியாகவே கேட்கிறார். ஆயம் அங்கே பெயரளவில்தான்.

ஆயத்துக்குச் சுங்கம் என்றும் பொருள் உண்டு. 2013 முதல் 2017 வரை அதுவும் பொருந்தியது! பணிநீக்க வழக்கு ஒன்றை விசாரணைவரை கொண்டுபோக 1,200 பவுண்டு கட்டணம். வேலை போனவர் எங்கே போவார்? வழக்குகள் சரிந்தன. யூனிசன் தொழிற்சங்கம் வழக்காடி, 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டணம் சட்டவிரோதம் என்று நீக்கியது.

மற்றபடி, தோற்றாலும் எதிர்த்தரப்பு வக்கீல் செலவு பொதுவாக நம் தலையில் விழாது. வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். ஆனால் ஜெயித்தாலும் நம் வக்கீலுக்கு நாம்தான் கொடுக்க வேண்டும். தீர்ப்புகள் 2017 முதல் இணையத்தில் வெளியாவதால், அடுத்த வேலை தேடும்போது பெயரைத் தட்டினால் பழைய தகராறு முன்னால் வந்து நிற்கலாம். காத்திருப்பும் நீளம். இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பு வந்தாலும் முதலாளி பணத்தைக் கட்டாமல் இழுத்தால், வசூலுக்கு வேறு நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும்.